கொழும்பில் ஒரு பாரதி மாலை: எந்த இடம், எந்தப் பாட்டு?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள். அன்று மாலை கொழும்பில் வரலாறு உள்ள ஒரு பழைய இடத்தில் நூற்றைம்பது பேர் கூடுகிற நிகழ்ச்சி ஒன்று செய்ய வேண்டும், கையில் காசு அதிகம் இல்லை. மனதில் சுதந்திர சதுக்கம் இருக்கிறது. அழைப்பிதழில் 'தேசிய கவிக்கு ஒரு மாலை' என்று போடலாமா என்பதும் உங்கள் சந்தேகம்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. 'தேசிய கவி' என்று போட்டால் மண்டப வாசலிலேயே ஒருவர் "எந்தத் தேசத்துக்கு?" என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். பாரதி எட்டயபுரத்தில் பிறந்தவர், புதுச்சேரியில் பத்து வருடம் ஒளிந்து வாழ்ந்தவர், திருவல்லிக்கேணியில் இறந்தவர். அவர் பாடிய தேசம் பாரத தேசம். நாங்கள் இருப்பது வேறு நாட்டில். அதனால் 'மகாகவி' என்று போடுங்கள், அந்தச் சொல்லுக்கு கடவுச்சீட்டு தேவையில்லை. (அந்தப் பட்டமும் லேசில் வந்ததில்லை. 1930களில் பாரதி மகாகவியா இல்லையா என்று பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. மகாகவி இல்லை என்ற பக்கத்தில் நின்ற கல்கிதான் பிறகு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழும்ப முன்னின்று பணம் திரட்டினார். 1947இல் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். மனிதர்கள் மாறுவார்கள், நல்லதுதான்.)

ஆனால் கொழும்புக்கும் பாரதிக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் போன சுவாமி விபுலாநந்தர், பண்டிதர்கள் பலர் பாரதியை ஒரு புலவராகவே கணக்கில் எடுக்காத அந்த நாளில் அங்கே பாரதியைத் தூக்கிப் பிடித்தவர். காரைதீவுக்காரர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் வந்து சேர்ந்தபோது அந்தப் பல்கலைக்கழகம் இயங்கியது இதே கொழும்பில்தான், பேராதனை அதற்குப் பிறகு. பாரதியே தன் வரலாற்றுப் பாட்டில் தன் குருமாரில் ஒருவராக 'யாழ்ப்பாணத்துச் சாமி'யைப் புகழ்கிறார். அவர் வடமராட்சியைச் சேர்ந்த அருளம்பல சுவாமி என்று ஈழத்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு விஷயத்தையும் வரவேற்புரையில் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டால் போதும், "எங்களுக்கு ஏன் பாரதி?" என்ற கேள்வி அடங்கிவிடும்.

சரி, இடம்.

பெரும்பாலானவர்கள் பழைய கட்டடத்தை ஒரு படுதாவாகத்தான் பாவிக்கிறார்கள். பின்னால் தூண்கள் தெரிய வேண்டும், படம் நன்றாக விழ வேண்டும், அவ்வளவு. நீங்கள் அப்படிச் செய்யப் போகிறீர்கள் என்றால் வெள்ளவத்தையில் ஏதாவது குளிரூட்டிய மண்டபத்தை எடுத்துவிட்டுப் போங்கள், வசதியாக இருக்கும். பழைய இடத்துக்குப் போவதென்றால் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்து, அதோடு மோதுகிற பாட்டையோ சேருகிற பாட்டையோ எடுக்க வேண்டும்.

சுதந்திர சதுக்கத்தையே எடுப்போம். கண்டி அரசர்களின் சபை மண்டபமான மகுல் மடுவையின் சாயலில் கட்டிய நினைவு மண்டபம், 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்ததன் நினைவாக. அங்கே போனதும் எல்லாருக்கும் முதலில் வாயில் வருவது 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'. ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று, சுதந்திரம் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே பாடிவைத்த பாட்டு. 1947 ஆகஸ்ட் 15 அன்று டி. கே. பட்டம்மாள் வானொலியில் பாடியதால் அது இந்தியச் சுதந்திரத்தின் குரலாகவே ஆகிவிட்டது. நல்ல பாட்டுத்தான். ஆனால் அதே 1948இல், அந்தச் சதுக்கத்தில் கொடி ஏறி ஒன்பது மாதம்கூட ஆகாமல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். உங்கள் நூற்றைம்பது பேரில் பத்துப் பதினைந்து பேருடைய பாட்டனோ பாட்டியோ அதில் இருந்திருப்பார்கள். என் அம்மம்மா இருந்தார். அந்த மண்டபத்தில் நின்று ஆனந்தப் பள்ளு மட்டும் பாடிவிட்டு வடை தின்றுவிட்டு வருவது எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும்.

அதனால் நான் சொல்வது, அங்கே பள்ளைப் பாடுங்கள், அதற்கு அடுத்தே 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டை வாசியுங்கள். பிஜித் தீவில் கூலிகளாகப் போன பெண்களைப் பற்றிப் பாரதி எழுதியது. கரும்பு என்ற இடத்தில் தேயிலை என்று ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம், யாருக்கும் விளக்கமும் சொல்ல வேண்டாம். 'விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல் கேட்டிருப்பாய் காற்றே' என்று காற்றைக் கூப்பிடுகிற வரி வரும். சுவரே இல்லாத அந்த மண்டபத்தில் நாலு பக்கமும் காற்று வீசிக்கொண்டிருக்கும். மேலதிகமாக ஒன்றும் தேவைப்படாது. வேண்டுமானால் இன்னொரு தகவலை ஒரு வரியில் சொல்லலாம்: தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை தோட்டக் கூட்டங்களில் பாரதி பாட்டுப் பாடியே ஆட்களைச் சேர்த்தவர், 1940இல் தொழிலாளர் நிலைமை பற்றித் தானே பாட்டெழுதிச் சிறு நூலாகவும் போட்டவர். மலையகத்துக்குப் பாரதி போனது பல்கலைக்கழகம் வழியாக அல்ல, இந்த அம்மாவின் தொண்டை வழியாக.

ஆனால் சதுக்கத்தின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். திறந்த மண்டபம் குரலை விழுங்கிவிடும். மாலையில் நடக்க வருபவர்கள், ஓடுபவர்கள், கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்க வருபவர்கள், பட்டம் விடுகிற பிள்ளைகள் என்று அது ஒரு பொது இடம், அவர்களை நீங்கள் விலக்க முடியாது, விலக்கவும் கூடாது. மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "ஓம், செய்யுங்கோ" என்று யாரோ சொன்னதை நம்பிக் கதிரை ஏற்றிப் போனால் காவலாளி உள்ளே விடமாட்டார், அவர் மேல் பிழையும் இல்லை.

இரண்டாவதாக நான் சொல்லக்கூடிய இடம் கொட்டாஞ்சேனைப் பக்கம், விவேகானந்த மேடு. நேர்மையாகச் சொன்னால் என் மனதில் முதலாவது இதுதான். விவேகானந்தர் சிக்காகோவுக்குப் போய்ப் பேர் வாங்கித் திரும்பி வந்தபோது முதலில் கால் வைத்த இடம் இந்தியா இல்லை, கொழும்புத் துறைமுகம், 1897 ஜனவரி 15. கீழைநாட்டில் அவருடைய முதல் பொதுப்பேச்சும் அடுத்த நாள் இங்கேதான். அந்த நினைவில் 1902இல் தொடங்கியது கொழும்பு விவேகானந்த சபை. பாரதிக்கு இதில் என்ன வேலை என்றால், பாரதியின் குரு நிவேதிதை, நிவேதிதையின் குரு விவேகானந்தர். 1908இல் வந்த தன் சுதேச கீதங்களைப் பாரதி நிவேதிதைக்குத்தான் காணிக்கையாக்கினார். பெண் விடுதலை பற்றிய பாட்டுக்களை அங்கே வாசித்தால் பொருந்தும். மூடிய மண்டபம், மழைக்குப் பயம் இல்லை, பஸ் வசதி இருக்கிறது, அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனம் நடந்தே வரும். கொழும்பு 6, 7 ஆட்கள் "அவ்வளவு தூரமா?" என்பார்கள். வருகிறவர் வரட்டும்.

பல்கலைக்கழக வளாகத்துப் பழைய மண்டபம் ஒன்று கிடைத்தாலும் விடாதீர்கள். பாரதி இறந்த 1921ஆம் வருடம்தான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது, விபுலாநந்தர் படிப்பித்த இடமும் அதுதான். வெளியாட்களுக்குக் கொடுப்பது கஷ்டம், தமிழ் மாணவர் மன்றம் வழியாகப் போனால் கதவு திறக்கலாம்.

மற்ற இடங்கள் பற்றிச் சுருக்கமாக. கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம், முற்றம் அழகு, ஆனால் இப்போது முழுக்கக் கடையும் சாப்பாட்டு இடமும், உங்கள் பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டு ஓடும். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம் 1873இல் கட்டியது. கட்டடம் என்றால் கட்டடம், ஆனால் பகலில் சந்தைச் சத்தம், இரவில் ஆள் அரவமே இல்லை, பெண்கள் திரும்பிப் போகப் பயப்படுவார்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரம் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திரும்ப எழுப்பிய கோயில். சக்தி பாட்டுக்களைக் கல் மண்டபத்தில் கேட்பது தனி அனுபவம்தான், ஆனால் கோயில் கோயிலுடைய நேரத்தில்தான் நடக்கும், மணி அடித்தால் நிறுத்த வேண்டும், முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் வரத் தயங்குவார்கள். பாரதி அல்லாவையும் இயேசுவையும் பாடியவர் என்று மேடையில் சொல்லிவிட்டு அவர்கள் வர யோசிக்கிற இடத்தில் வைப்பது சரியில்லை. காலிமுகத்திடலை நினைக்கவே வேண்டாம், கடற்காற்றில் குரல் நிற்காது.

தேசிய நூதனசாலை முன்றில் வேண்டும் என்று உங்களில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1877இல் திறந்தது, பாரதியைவிட ஐந்து வயது மூப்பு. அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் மாலை வெளிச்சம் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் ஆணி அடிக்க முடியாது, சுவரில் டேப் ஒட்ட முடியாது, மரத்தில் பனர் கட்ட முடியாது. குத்துவிளக்கு வைப்பதென்றால் கீழே மணல் பரப்பிய தட்டு வைக்க வேண்டும், பழைய கல்லில் எண்ணெய் விழுந்தால் போகாது. மாக்கோலமும் வேண்டாம், ஒரு பலகையில் போட்டுக் கொண்டுவந்து வையுங்கள். இதையெல்லாம் அனுமதி கேட்கிற கடிதத்திலேயே நீங்களாக எழுதிவிட்டால் அதிகாரிகளுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும், எனக்கு இரண்டு முறை அப்படித்தான் கிடைத்தது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னதற்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது, உங்களுக்கு அது பிரச்சினையில்லை, எட்டுக்கே முடித்துவிடுவீர்கள். முடிக்க வேண்டும்! நுழைவுச்சீட்டு விற்றால் மாநகரசபையில் களியாட்ட வரி விஷயம் வரும், அதனால் இலவசமாக வைத்துவிட்டு வாசலில் ஓர் உண்டியல் வையுங்கள். பாரதி எழுத்துக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. 1949இல் சென்னை அரசு அதன் உரிமையை வாங்கிப் பிறகு பொதுவில் விட்டுவிட்டது. ஆனால் பிற்காலத்தில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது, அதைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றும்போது யோசிக்க வேண்டும்.

மெட்டு என்றதும் ஒன்று. 'சின்னஞ் சிறு கிளியே'யை எல்லாரும் ராகமாலிகையில்தான் பாடுகிறார்கள். பாரதி அதைப் பைரவி என்று குறித்து, ரூபக தாளம் என்று போட்டு, சுரமும் எழுதிவைத்திருக்கிறார். உங்கள் குழுவில் சங்கீதம் படித்த ஒரு பிள்ளை இருந்தால் அந்தச் சுரத்தைப் பார்த்துப் பாடச் சொல்லுங்கள். பாரதி குரல் எங்குமே பதிவாகவில்லை, அவர் காதில் இருந்த ஓசைக்கு எங்களால் போகக்கூடிய மிகக் கிட்டிய தூரம் அந்தக் குறிப்புத்தான். வந்தவர்கள் "இது என்ன மெட்டு?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நேரம். டிசம்பர் நடுவில் கொழும்பில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னமே விழுந்துவிடும். திறந்த இடமானால் ஐந்தரைக்குத் தொடங்குங்கள், அழைப்பிதழில் ஐந்து என்று போடுங்கள், எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. சரியாக ஐந்து ஐம்பதுக்கு ஒருவர் எழுந்து பாஞ்சாலி சபதத்தில் வருகிற அந்தி வருணனையை வாசிக்க வேண்டும். அத்தினபுரத்துக்குப் போகிற வழியில், சூதாட்டம் காத்திருப்பது தெரிந்தும், அருச்சுனன் பாஞ்சாலிக்கு வானத்தைக் காட்டுகிறான்: 'பார்! சுடர்ப் பரிதியைச் சூழவே படர்முகில் எத்தனை தீப்பட் டெரிவன! ஓகோ!' அந்த 'ஓகோ'வைச் சத்தமாகச் சொல்லத் துணிந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள், கூச்சப்படுகிறவர் சரிவராது. மேலே வானம் உண்மையாகவே எரிந்துகொண்டிருந்தால் உங்கள் நிகழ்ச்சி அந்த நிமிடத்திலேயே வென்றுவிட்டது. மழை இருட்டு என்றாலும் பரவாயில்லை, வாசித்துவிடுங்கள்.

வாசிப்பவர்கள் பத்துப் பேர் போதும். ஒருவருக்கு ஒரு பாட்டு. நடிகர் மாதிரி வசனம் பேசுகிறவர்களைத் தவிருங்கள். ஒரு மீன்கடைக்காரர், ஒரு தாதி, ஒரு சட்டத்தரணி, ஒரு ஏ.எல். மாணவி என்று கலந்து எடுங்கள். எல்லாருக்கும் சந்தி பிரித்த பிரதியைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுங்கள், ஒரு முறையாவது அந்த இடத்திலேயே ஒத்திகை பாருங்கள். பழைய மண்டபங்களில் கைதட்டிப் பார்த்தால் எதிரொலி எவ்வளவு என்று தெரியும், அது அதிகமென்றால் முன்னால் ஒரு பெரிய ஸ்பீக்கரைவிடப் பக்கத்தில் இரண்டு மூன்று சின்னது நல்லது, வாசிப்பவரும் வரிக்கு வரி நிறுத்தி வாசிக்க வேண்டும்.

சிங்கள நண்பர்களையும் கூப்பிடுங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நாலு வரி சிங்களத்தில் பொருள் சொல்ல உங்களில் ஒருவரால் முடியும். அப்போது கட்டாயம் ஒருவர் கேட்பார், 'சிங்களத் தீவினுக்கோர் பாலம் அமைப்போம்' என்ற வரியை விடலாமா என்று. விடாதீர்கள். அந்த வரியைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு "அப்போ நாங்கள் எங்கே?" என்று ஒரு குத்தல், சிங்கள நண்பருக்குப் பாலம் என்றாலே வேறொரு யோசனை. இரண்டும் நியாயம்தான். கவிஞர் பக்கத்து வீட்டைச் சரியாகப் பார்க்காமல் எழுதிய வரி என்று நானே நினைக்கிறேன், ஆனால் அதை வெட்டிவிட்டு வாசித்தால் நாங்கள் கொண்டாடுவது பாரதியை அல்ல, எங்களுக்கு வசதியான ஒருவரை.

பேச்சாளர் விஷயத்தில் என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய மண்டபத்தில் இதே மாதிரி ஒன்று வைத்தோம். ஆசியுரை, வாழ்த்துரை, தலைமையுரை, சிறப்புரை, அதற்குப் பிறகு பாட்டு என்று நிரல். பாட்டுக்கு நேரம் வந்தபோது எட்டரை, பாட இருந்த ஏழு வயதுப் பிள்ளை தகப்பன் தோளில் நித்திரை. எழுப்பிப் பாடவைத்தோம், இரண்டாவது அடியில் அழுதுவிட்டாள். சபையில் முக்கால்வாசி அதற்குள் போய்விட்டது. அன்றைக்கு மிக நீளமாகப் பேசியது தலைமை வகித்தவர், நாற்பது நிமிடம். தலைமை வகித்தவன் நான்தான். அதனால் சொல்கிறேன், ஒரே ஒரு பேச்சு, பத்து நிமிடம், அதுவும் நடுவில். முதலில் வைத்தால் மற்றவர்களும் ஒரு வார்த்தை பேசக் கேட்பார்கள், கடைசியில் வைத்தால் எல்லாரும் எழும்பிவிடுவார்கள். பொன்னாடை, மாலை, நினைவுச்சின்னம் எதுவும் வேண்டாம், அந்தக் காசில் நல்ல சவுண்ட்காரரைப் பிடியுங்கள்.

அந்த ஒரே பேச்சாளரிடமும் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள், பாரதி யானை மிதித்து இறக்கவில்லை. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியது உண்மை, ஆனால் அதிலிருந்து தேறி ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசினார், 1921 ஜூலை 31இல், 'மனிதனுக்கு மரணமில்லை' என்ற தலைப்பில். இறந்தது செப்டெம்பரில், வயிற்றுக்கடுப்பால். அதுவும் 11ஆம் திகதி நள்ளிரவு கடந்த பிறகு, ஆகவே கணக்குப்படி 12. மேடையில் யானைக் கதை வந்தால் சபையிலிருந்து யாராவது எழும்பித் திருத்துவார், அதோடு ஒரு கால் மணி நேரம் போய்விடும்.

சாப்பாடு நிகழ்ச்சிக்குப் பிறகு மட்டும். பிளேன்டீயும் ஆளுக்கு ஒரு வடையும் ஒரு ரோல்ஸும் போதும். முன்னால் கொடுத்தால் பாதிப் பேர் கோப்பையோடு வெளியில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். பழைய இடத்துக்குள் எதையும் தின்னவிடாதீர்கள், வெளியில் மேசை போடுங்கள், குப்பைப் பையை நீங்களே கொண்டுபோங்கள். போகிற வழிக்கு ஓட்டோ பிடித்துக்கொடுக்க இரண்டு பொடியன்களை நிறுத்தினால் வயது போனவர்கள் அடுத்த வருடமும் வருவார்கள். இன்னொன்று, பரீட்சைக் காலம் எப்போது, அந்தக் கிழமையில் போயா (பௌர்ணமி விடுமுறை) எப்போது விழுகிறது என்று நாட்காட்டியில் பார்த்துவிட்டு நாளை உறுதிப்படுத்துங்கள். 11தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், அதற்குக் கிட்டிய சனிக்கிழமை என்றாலும் பாரதி கோபிக்கமாட்டார்.

இடம் முடிவானதும் எழுதுங்கள். அந்தி வருணனையையும் கரும்புத் தோட்டத்தையும் சந்தி பிரித்துப் பெரிய எழுத்தில் அடித்து வைத்திருக்கிறேன், அனுப்பிவிடுகிறேன்.